தேர்த்துகளின் அடியில் நிற்கும் பேரெண்

2,323,824,530,227,200,000,000 என்னும் எண் இருபத்திரண்டு இலக்கங்களை உடையது. சொல்லாற் கூறின் இரண்டேகால் கோடி கோடி கோடிக்குச் சற்று மேற்பட்டது. ஒன்றை இத்தனை கூறுகளாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூற்றுக்குத் தமிழ்க் கணக்கு மரபு ‘தேர்த்துகள்’ என்று பெயரிட்டது. தேர் ஓடுகையில் சக்கரத்தின் அடியிலிருந்து எழும் தூசு என்பது அச்சொல்லின் பொருள்.

முந்திரியில் தொடங்கித் தேர்த்துகளில் முடியும் பின்னப் பட்டியலை ஆசிரியர்களும் மாணவர்களும் பலமுறை கண்டிருப்பீர்கள். பள்ளி ஆண்டு மலர்களில் அது அச்சாகிறது. வகுப்பறைச் சுவர்களில் தொங்குகிறது. கைப்பேசிகளில் ஓயாமல் உலவுகிறது. அதனுடன், அணுவையும் பிளந்து அளந்த நுண்ணறிவு நம் முன்னோர்க்கு இருந்தது என்னும் பெருமிதக் குறிப்பும் சேர்ந்து வருகிறது. அப்பெருமிதம் பிழையான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதும், பெருமைக்குரிய செய்தி அதே பட்டியலுக்குள் யாரும் பாராமல் கிடக்கிறது என்பதும் இவ்வுரையிற் கூற விரும்புவன. அதனைக் காணப் பெரிய கணித அறிவு வேண்டுவதில்லை. வகுத்தல் அறிந்த ஆறாம் ஆண்டு மாணவர் தாளும் எழுதுகோலும் கொண்டு காணலாம்.

முதலில் பட்டியலின் அமைப்பைப் பார்ப்போம். ஒன்றில் 320இல் ஒரு பங்கு முந்திரி. முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. கீழ்முந்திரி ஒன்றுக்கு இம்மி 21. இம்மி ஒன்றுக்கு மும்மி 11. மும்மி ஒன்றுக்கு அணு 7. அணு ஒன்றுக்குக் குணம் 9. குணத்துக்குப் பந்தம் 5. பந்தத்துக்குப் பாகம் 6. பாகத்துக்கு விந்தம் 7. விந்தத்துக்கு நாகவிந்தம் 17. நாகவிந்தத்துக்குச் சிந்தை 14. இதன்பின் எண்கள் முழுமை பெறுகின்றன. சிந்தைக்குக் கதிர்முனை 20. கதிர்முனைக்குக் குரல்வளைப்பிடி 40. குரல்வளைப்பிடிக்கு வெள்ளம் 60. வெள்ளத்துக்கு நுண்மணல் 100. ஈற்றில், நுண்மணல் ஒன்றுக்குத் தேர்த்துகள் ஆறரை. ஆக நிலைகள் பதினாறு.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பழைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய மாணவன் மேற்காட்டிய இருபத்திரண்டு இலக்க எண்ணைக் கண்டவனல்லன். தமிழின் பழைய எண் எழுத்து முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. சுழியத்தை வரிசையாக அடுக்கி எழுதும் வழக்கம் பிற்பட்டது. அவன் மனத்திற் கொண்டது ‘இது இத்தனை கொண்டது அது’ என்னும் உறவுகளை மட்டுமே. இருபத்தொன்று, பதினொன்று, ஏழு, ஒன்பது என்று சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர் பின்சொன்ன அவ்வுறவுகளைப் பிற்காலத்தார் பெருக்கி, இன்றைய இலக்கங்களில் எழுதியதால் வந்ததே நம் பேரெண். எண் புதியது, அதன் இயல்புகள் பழையவை.

அவ்வியல்புகளை அறிய, எண்ணைப் பகா எண்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். படிவம் ஒன்றில் கற்பிக்கப்படும் முறையே போதும். ஒவ்வொரு நிலையின் பெருக்கத்தையும் தனித்தனியே பிரித்துக் கூட்டினால் பின்வரும் விடை கிடைக்கிறது: 2 இருபத்திரண்டு முறை, 3 ஐந்து முறை, 5 எட்டு முறை, 7 நான்கு முறை, 11 ஒருமுறை, 13 ஒருமுறை, 17 ஒருமுறை. இவற்றையெல்லாம் பெருக்கினால் 2,323,824,530,227,200,000,000 பிசகாமல் வரும்.

2, 3, 5, 7, 11, 13, 17. பகா எண்களின் வரிசையில் முதல் ஏழும் இடையில் ஒன்றுகூட விடுபடாமல் நிற்கின்றன. ஆகவே 1 முதல் 18 வரை உள்ள எந்த எண்ணாலும் இப்பேரெண் மீதியின்றி வகுபடும். 19இல்தான் முதல் தடை. பின்னர் 20, 21, 22 ஆகியவற்றாலும் வகுபட்டு 23இல் மீண்டும் தடைப்படும். இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 49,680.

இது எதனாற் சிறப்புடையது என்பதை அறிய, நம் மரபிலேயே உள்ள பிற அளவைகளை அருகில் வைத்துப் பார்த்தல் நலம். நீட்டலளவையில் எட்டு அணு ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை. எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர். எட்டு மயிர் ஒரு நுண்மணல். இவ்வாறே கடுகு, எள், நெல் என எவ்வெட்டாக ஏறி விரலில் முடியும். ஒரு விரலுக்கு 16,777,216 அணு. இவ்வெண் இரண்டை இருபத்துநான்கு முறை பெருக்கியது. வேறு பகா எண் எதுவும் அதில் இல்லை. பாதி, பாதியின் பாதி என்று கண்ணாற் பிரிக்கத் தக்க அளவு அது. முகத்தலளவையில் 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்று தொடங்கி, மூன்று தூணி ஒரு கலம் என முடியும். ஒரு கலத்துக்கு 1,382,400 நெல். அதில் 2, 3, 5 உண்டு, ஏழு இல்லை.

நில அளவை இன்னும் வியப்பானது. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகளில், வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டு வரி விதிக்கப்பட்டதை அறிஞர் எடுத்துக் காட்டியுள்ளனர். ஒரு வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர் எனக் கொண்டால் அப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே. எந்த அளவுகோலும் அதனைத் தரையில் அளந்திருக்க முடியாது. கணக்கர் வகுத்ததன் எச்சம் அது. அவ்வெண்ணைப் பிரித்தால் 320ஐ நான்கு முறை பெருக்கி ஐந்தாற் பெருக்கியதாக அமைகிறது. 320இல் இருப்பவை இரண்டும் ஐந்தும் மட்டுமே; ஆகவே அப்பெரிய எண்ணிலும் 2, 5 தவிர வேறில்லை.

மொழியியலார்க்கு இங்கே ஒரு சுவை உண்டு. கல்வெட்டுக் கணக்கில் ‘கீழ்’ என்னும் சொல் முன்னொட்டாக நின்று ‘320இல் ஒரு பங்கு’ என்று பொருள் தரும். அரைக்கு முன்னே வந்தால் கீழரை, அதாவது 640இல் ஒன்று. ‘கீழ்’ இருமுறை வந்தால் மேலும் 320இல் ஒரு பங்கு. மும்முறை வந்தால் அதிலும் 320இல் ஒரு பங்கு. இன்று தசமப் புள்ளிக்கு வலப்புறம் ஓரிடம் நகர்தல் பத்தில் ஒன்றாகக் குறைப்பதைப் போல, இச்சொல் ஒவ்வொரு முறையும் 320இல் ஒன்றாகக் குறைக்கிறது. எழுத்தில் இடமதிப்பு இல்லாத எண்முறையில், சொல்லாக்கமே அவ்வேலையைச் செய்திருக்கிறது. தமிழ் எண்முறையின் திறம் என்று எதையேனும் மாணவர்க்குக் காட்ட வேண்டுமெனில் நான் இதைத்தான் முதலிற் காட்டுவேன்.

ஆனால் கீழ், கீழ், கீழ் என்று எத்தனை முறை இறங்கினாலும் ஒன்றை மூன்றாகச் சரியாகப் பகுக்க முடியாது. இரண்டையும் ஐந்தையும் மட்டும் எத்தனை முறை பெருக்கினாலும் அங்கே மூன்று தோன்றாது. நம் ரிங்கிட்டும் அவ்வாறே. நூறு சென்னை மூவர் பகிர்ந்தால் ஒரு சென் மிஞ்சும். ஹுத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வட்டாரத்தில் கொப்பரை நிறுத்த பழைய எடை முறையும் அதே குறையுடையது. பதினாறு தாயில் ஒரு காத்தி, நூறு காத்தி ஒரு பிக்குல். ஒரு பிக்குலுக்கு 1,600 தாயில். அதனை மூன்று பங்காக்கினால் ஒரு தாயில் எஞ்சும். வணிகர்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை. பங்கு வாங்குபவர் பொருட்படுத்தியிருக்கலாம்.

இந்த இடத்தில் இம்மி நுழைகிறது. கீழ்முந்திரி வரை 320, 320 என்று வந்த வரிசை அதே வழியிற் செல்லாமல் திடீரென 21க்குத் திரும்புகிறது. இருபத்தொன்று என்பது மூன்றும் ஏழும் பெருகியது. அதுவரை இல்லாத இரண்டு பகா எண்கள் ஒரே நிலையில் வந்து சேர்கின்றன. விளைவைப் பாருங்கள். ஒன்றை மூவர்க்குப் பகுக்க வேண்டும். 320 முந்திரியில் ஆளுக்கு 106. மீதி 2 முந்திரி. அவை 640 கீழ்முந்திரி, ஆளுக்கு 213, மீதி 1. அது 21 இம்மி, ஆளுக்கு 7, மீதியில்லை. ஏழு பேர்க்குப் பகுத்தால் ஆளுக்கு 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி, மீதியில்லை. அடுத்த நிலையான மும்மி பதினொன்றைக் கொண்டு வருகிறது. பதினொரு பேர்க்குப் பகுத்தால் ஆளுக்கு 29 முந்திரி, 29 கீழ்முந்திரி, 1 இம்மி, 10 மும்மி, அங்கும் மீதியில்லை. ஒன்பதில் ஒரு பங்கு இம்மியாலும் மும்மியாலும் முடியாது, குணம் வரை இறங்க வேண்டும். பதினேழில் ஒரு பங்குக்கு நாகவிந்தம் வரை.

பேச்சு வழக்கில் ‘இம்மியும் பிசகாமல்’ என்கிறோம். மிகச் சிறியது என்னும் பொருளில் அதனை ஆள்கிறோம். கணக்கு மரபில், மூன்றிலும் ஏழிலும் பிசகு நீங்கும் முதல் நிலை இம்மி என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. வழக்குத் தொடர் அதனாலேயே பிறந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. பொருத்தம் மட்டும் அழகாக இருக்கிறது.

பதின்மூன்றின் கதை தனியானது. பதினாறு நிலைகளில் முதற் பதினைந்திலும் பதின்மூன்று இல்லை. கடைசி நிலையின் பெருக்கமோ ஆறரை. மற்ற நிலைகளிலெல்லாம் முழு எண்ணிருக்க, இங்கு மட்டும் ஏன் ஓர் அரை? பட்டியலைப் பார்ப்பவர் இதைக் கடந்து செல்வர். சிலர் அச்சுப் பிழையென்றும் கருதக்கூடும். ஆனால் ஆறரை என்பது பதின்மூன்றின் பாதி. அந்த அரை இல்லையேல் வரிசையில் பதின்மூன்று விடுபட்டிருக்கும். பேரெண் 12 வரை மட்டுமே தொடர்ச்சியாக வகுபடும். ஒன்றைப் பதின்மூன்றாகப் பகுத்துப் பாருங்கள். 24 முந்திரி, 196 கீழ்முந்திரி, 19 இம்மி, 4 மும்மி, 1 அணு, 5 குணம் என்று ஒவ்வொரு நிலையிலும் மீதி விட்டுக்கொண்டே இறங்கும். நுண்மணலில் 23 போக ஒன்று மிஞ்சும். அந்த ஒரு நுண்மணல் ஆறரைத் தேர்த்துகள். பதின்மூன்று பேர்க்கும் ஆளுக்கு அரைத் தேர்த்துகள். கணக்கு முடிந்தது.

இதனை யாரோ திட்டமிட்டுச் செய்தார்களா என்ற வினா எழும். 21, 11 ஆகியவை எண்ணிப் பார்த்து வைக்கப்பட்டவை என்றே நான் கருதுகிறேன். இரண்டும் ஐந்தும் மட்டுமே ஆண்ட முறையில் முட்டிக்கொண்ட ஒருவர்தாம், அடுத்தடுத்து மூன்றையும் ஏழையும் பதினொன்றையும் வைத்திருப்பார். 17ஐயும் ஆறரையையும் பற்றி அத்தனை உறுதியாகச் சொல்லத் துணியேன். 20, 40, 60, 100 என்னும் நான்கும் புதிய பகா எண் எதனையும் தரவில்லை; அவை பட்டியலை நீட்டுவதற்கென்றே பின்னர் ஒட்டப்பட்டவை போலத் தோன்றுகின்றன. பெயர்களும் இதற்கு அரணாகின்றன. அணு, குணம், பந்தம், பாகம், சிந்தை என நடுவில் நிற்பவை வடசொல் வழியின. கதிர்முனை, நுண்மணல், தேர்த்துகள் எனப் பின்னே நிற்பவை தமிழ்த் தொடர்ச்சொற்கள். பெருக்கங்களின் இயல்பு எவ்விடத்தில் மாறுகிறதோ அதே இடத்திற் பெயர்களின் இயல்பும் மாறுவதைத் தற்செயலெனத் தள்ள இயலவில்லை.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது பெருமிதக் குறிப்புக்கு விடை சொல்லியாக வேண்டும். நீட்டலளவையில் அணு சிறியது, தேர்த்துகள் பெரியது. எட்டு அணு சேர்ந்தே ஒரு தேர்த்துகள். பின்னப் பட்டியலில் இது தலைகீழ். அங்கே ஓர் அணுவுக்குள் 14,034,384,000,000 தேர்த்துகள் அடங்கும். நீட்டலளவையில் ஒரு நுண்மணலுக்கு 512 தேர்த்துகள்; பின்னத்தில் ஆறரை. ஒரே பொருளை அளந்து வைத்த பெயர்களாயின் இம்முரண் எழாது. பின்னப் பட்டியலில் அணு என்பது அணுவன்று, மணல் மணலன்று. சிறுமையை நினைவூட்டும் சொற்களை எடுத்து எண்களுக்குப் பெயராக இட்டிருக்கிறார்கள், அவ்வளவே. மும்மி என்னும் சொல்லில் ‘மூன்று’ ஒலிக்கிறது. பட்டியலிலோ அது இம்மியில் பதினொன்றில் ஒரு பங்கு. இம்மிக்கு எதுகையாக எழுந்த பெயர் என்று கொள்வதே பொருந்தும்.

வெள்ளம் இன்னும் தெளிவான சான்று. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் ஐ, அம், பல் என்னும் ஈறுகளையுடைய எண்ணுப் பெயர்களின் புணர்ச்சி கூறப்படுகிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டுவர். பரிபாடலில் திருமாலைப் பாடும் பாட்டொன்றிலும் குவளை, ஆம்பல், சங்கம் முதலியவற்றோடு வெள்ளமும் அளப்பரிய காலத்தை எண்ணும் பெயராக வருகிறது. அங்கே வெள்ளம் பேரெண். பின்னப் பட்டியலில் அதுவே கண்ணுக்கெட்டாத சிறு கூறு. அடியில் நிற்கும் எண் பெரிதாகையால் பேரெண்ணின் பெயர் கீழிறங்கி வந்ததோ என்று எண்ண இடமுண்டு.

ஆகவே தேர்த்துகளை நானோமீட்டரோடு ஒப்பிடுவது பொருளற்றது. பின்னத்துக்கு அலகு இல்லை. ஒரு மீட்டரைப் பகுத்தால் பட்டியலின் அணு ஏறத்தாழ ஆறு நானோமீட்டர். ஒரு காதத்தைப் பகுத்தால் வேறோர் அளவு. ஒரு பொன்னைப் பகுத்தால் அது நீளமே அன்று. ஒரு மீட்டரில் ஒரு தேர்த்துகள் அணுக்கருவைவிடப் பல இலட்சம் மடங்கு சிறிதாக வரும். இதைக் கொண்டு முன்னோர் அணுக்கருவை அறிந்தனர் என்று வாதிடுபவர், இராசராசனின் கணக்கர் அரைச் சதுர மில்லிமீட்டர் நிலத்தில் உழுதனர் என்றும் வாதிட வேண்டியிருக்கும்.

பட்டியலைச் சுவரில் தொங்கவிட்டு, கணக்கிடாமல் விட்டதன் விளைவு மற்றொன்றும் உண்டு. உலவுகின்ற படிகள் சிலவற்றில் நான்கு எண்கள் பிழையாக உள்ளன. கதிர்முனைக்கு 1,489,631,109,120,000 என வரவேண்டியது 489,631,109,120,000 என்றிருக்கும். குரல்வளைப்பிடிக்கு 59,585,244,364,800,000 என்பதற்கு மாறாக 9,585,244,364,800,000 என்றிருக்கும். வெள்ளத்திலும் நுண்மணலிலும் முன்னிற்கும் மூன்று விழுந்து, 3,575,114,661,888,000,000 என்பதும் 357,511,466,188,800,000,000 என்பதும் ஐந்தில் தொடங்கும். நான்கிலும் இடப்பக்க முதல் இலக்கமே உதிர்ந்திருக்கிறது. கதிர்முனைக்கு எளிய விளக்கம் உண்டு. ‘ஒன்றின் கீழ்’ எனப் பின்னம் எழுதும்போது மேலே ஓர் ஒன்று, கீழே ஓர் ஒன்று; படியெடுப்பவர் கண் இரண்டில் ஒன்றைத் தாண்டியிருக்கும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் அடிக்கடி காணும் வகைப் பிழை இது. மற்ற மூன்றும் தாளின் விளிம்பில் வெட்டுண்டவை போலும்.

இப்பிழையைக் கண்டுபிடிக்க மூலச்சுவடி தேவையில்லை. 489,631,109,120,000ஐச் சிந்தையின் எண்ணான 74,481,555,456,000ஆல் வகுத்தால் ஆறுமுறை சென்று பெரிய மீதி நிற்கும். முன்னே ஒன்றைச் சேர்த்து வகுத்தால் சரியாக இருபது. பாடத் திருத்தம் முடிந்தது.

எனினும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பதிப்பாசிரியராக விரும்பும் மாணவர்கள் அதனை மனங்கொள்ள வேண்டும். பிழையான வெள்ளத்தைப் பிழையான குரல்வளைப்பிடியால் வகுத்தால் விடை மிகச் சரியாக 60. பிழையான நுண்மணலைப் பிழையான வெள்ளத்தால் வகுத்தால் மிகச் சரியாக 100. காரணம், குரல்வளைப்பிடியில் உதிர்ந்த ஐந்தை அறுபதாற் பெருக்கினால் வெள்ளத்தில் உதிர்ந்த மூன்றே வரும். இழப்பும் இழப்பும் ஒன்றையொன்று ஆதரித்து நிற்கின்றன. இவ்விரு நிலைகளை மட்டும் சோதித்தவர் பட்டியல் சரியென்றே கையொப்பமிடுவார். சிந்தையிலிருந்து கதிர்முனைக்கும், கதிர்முனையிலிருந்து குரல்வளைப்பிடிக்கும், நுண்மணலிலிருந்து தேர்த்துகளுக்கும் போகும் மூட்டுகளில்தான் பிழை வெளிப்படும். இத்தனைக்கும் கடைசி எண்ணாகிய தேர்த்துகள் அப்படிகளிலும் பழுதின்றியே இருக்கிறது. ஆகவே பிழை பெருக்கியவருடையதன்று, படியெடுத்தவருடையது.

பெரிய எண்களைப் படியெடுப்பதில் வரும் இழப்பு எளியவர்க்கு மட்டும் உரியதன்று. ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில், தமக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்களைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள அட்டவணையில் அத்தகைய எண்கள் 102. கடைசி எண் 6,746,328,388,800. அதன் வகுத்திகள் 10,080. அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293,318,625,600. விடுபட்டதை 23ஆற் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வருகிறது என்பது இன்னொரு வேடிக்கை.

இராமானுசனின் அளவுகோலால் அளந்தால் நம் தேர்த்துகள் எண் சிக்கனமானது அன்று. அத்தகைய எண்களில் 2இன் அடுக்கு மிகுந்தும் 3, 5, 7 எனச் செல்லச் செல்ல அடுக்கு குறைந்தும், எங்கும் ஏறாமலும் இருக்க வேண்டும். நம் எண்ணில் மூன்று ஐந்து முறை. ஐந்தோ எட்டு முறை. 897,612,484,786,617,600 என்னும் பதினெட்டு இலக்க எண்ணுக்கு வகுத்திகள் 103,680. நம்முடையதைவிட நான்கு இலக்கம் குறைந்தும் அதற்கு இருமடங்குக்கு மேற்பட்ட வகுத்திகள் உள்ளன. கேம்பிரிட்ஜில் எழுதப்பட்ட அட்டவணையோடு திண்ணைப் பள்ளி எண்ணைப் போட்டியிட வைப்பது முறையன்று. ஆயினும் எத்தனை பேர் வந்தாலும் மீதியின்றிப் பகுக்க வல்ல எண் எது என்னும் வினா இரண்டிடத்தும் கேட்கிறது.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் இவ்வினாவுக்கு இடமுண்டா? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திற் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்பள்ளிகளில் வாய்ப்பாடு உரக்க ஓதப்பட்டது; அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் சொற்கள் வீட்டு வழக்கிலும் இருந்தன. 2003 முதற் சில ஆண்டுகள் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, தமிழ் எண்ணுப் பெயர்கள் கணக்கு வகுப்பிலிருந்து விலகி மொழி விழாவின் அலங்காரப் பலகைக்குப் போயின. அலங்காரப் பலகையில் உள்ளதை யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. நான்கு இலக்கங்கள் உதிர்ந்தும் யாரும் அறியாதது அதனாலேதான்.

ஆசிரியர்கள் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். பிழையுள்ள பட்டியலையே வகுப்பில் கொடுங்கள். பெருக்கங்களைத் தனியே எழுதிக் கொடுத்து, எந்த நான்கு எண்கள் பிழை, உதிர்ந்த இலக்கம் எது என்று கேளுங்கள். மேல்வகுப்பாயின் பெருக்கங்களையும் கொடுக்க வேண்டாம். பழுதற்ற எண்களை வகுத்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். இந்தப் பட்டியலில் மாணவர்க்குத் திருத்த முடியாத இடம் ஒன்றே ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நிலையின் பெயரைச் சில படிகள் ‘குரல்வளைப்பிடி’ என்கின்றன. சில ‘குரல்வளைப்படி’ என்கின்றன. ஒரு மேல்விலங்கின் வேறுபாடு. எண்ணில் ஒரு புள்ளி தவறினாலும் பக்கத்து எண்கள் காட்டிக்கொடுக்கின்றன. சொல்லில் தவறினால் காட்டிக்கொடுக்கப் பக்கத்துச் சொல்லால் இயலாது. நான் பிடி என்றே எழுதியிருக்கிறேன்; படி என்பார் பக்கமும் கேட்கத் தக்க வாதங்கள் உள்ளன.